அட்ரினலின் ஊசிப்பேனாக்கள்: எது கைகொடுக்கும், எது கைவிடும்

கொட்டை ஒவ்வாமை உள்ளவரின் பையில் மற்றவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்ரினலின் இருந்தே ஆக வேண்டும். அந்த மருந்தைத் தானே செலுத்தும் ஊசிப்பேனாவுக்கு எபிபென், ஜெக்ஸ்ட், அனாபென், ஆவி-க்யூ என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது அதே மருந்து. ஆகவே மருந்தை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க வழியில்லை. மூடி எந்தப் பக்கம், ஊசி எந்தப் பக்கம், எத்தனை நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், கை நடுங்கும் ஒருவர் எந்த இடத்தில் சறுக்குவார் என்பவற்றில்தான் வித்தியாசமே இருக்கிறது. பேனாவைக் கையில் எடுக்கப்போவது பெரும்பாலும் நோயாளியும் அல்ல, பக்கத்தில் இருப்பவர். அவர் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்தே கீழே உள்ள மதிப்பீடு.

எப்போது எடுப்பது?

எந்தப் பேனாவானாலும் தாமதமாக எடுத்தால் பயன் குறைந்துவிடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொட்டை ஒவ்வாமை சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தலைகாட்டும். ஏறக்குறைய எல்லாமே 2 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். வாய்க்குள் அரிப்பு, உதட்டில் லேசான வீக்கம், அங்கங்கே நாலைந்து தடிப்புகள் என்ற அளவோடு நின்றால் அது மிதமானது. பேனாவைக் கையருகே எடுத்து வைத்துக்கொண்டு, ஆளைத் தனியே விடாமல் கவனித்தால் போதும்.

குரல் கம்மினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, விழுங்க முடியவில்லை, தொண்டை இறுகுகிறது என்று சொன்னாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ கவனித்துக்கொண்டிருக்கும் கட்டம் முடிந்துவிட்டது. தலைசுற்றல், முகம் வெளிறுவது, மயக்கம் வருவது ஆகியவை இரத்த அழுத்தம் விழுவதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே ஊசி போட வேண்டும். உடல் முழுக்கத் தடிப்போடு வாந்தியும் தொடர்ந்து வந்தால் அதுவும் அனாஃபிலாக்சிஸ்தான், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமைதான். மூச்சுத் திணறல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேசத் தெரியாத குழந்தை நாக்கைப் பிடித்து இழுக்கும், காதைத் தேய்க்கும், குரல் மாறி அழும். ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென அமைதியாகித் துவண்டு சாய்வதைத் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்வது அபாயமான தவறு.

அதிகம் பேரை ஏமாற்றுவது தோல். அனாஃபிலாக்சிஸ் வந்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் எந்த மாற்றமும் இருப்பதில்லை. ஆஸ்துமாவும் கொட்டை ஒவ்வாமையும் சேர்ந்து உள்ளவருக்குச் சாப்பிட்டபின் திடீரென இரைப்பு வந்தால், முதலில் அட்ரினலின், அதன் பிறகே இன்ஹேலர். இந்த வரிசை மாறிய இடங்களில்தான் நேரம் வீணாகிறது. வீணாக்க அதிக நேரமும் இல்லை: பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸ் இறப்புகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஆய்வில், உணவு காரணமான இறப்புகளில் மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன இடைநிலை நேரம் 30 நிமிடம்.

அலர்ஜி மாத்திரை இதற்கு மாற்று ஆகாதா என்றால், ஆகாது. ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அதற்கே அரை மணிக்கு மேல் பிடிக்கும். வீங்கும் தொண்டையையும் விழும் இரத்த அழுத்தத்தையும் அது தொடுவதே இல்லை. அட்ரினலின் இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது, மூச்சுக் குழாயை விரிக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, ஒவ்வாமை வேதிப்பொருள்கள் மேலும் கொட்டாமல் அணை போடுகிறது. இந்த நான்கையும் ஒருசேரச் செய்யும் வேறு மருந்து கிடையாது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும்.

எபிபென்

அமெரிக்காவில் 1987-இல் அனுமதி பெற்றது. நச்சுவாயுத் தாக்குதலுக்கு மாற்று மருந்து போட்டுக்கொள்ள ராணுவத்துக்காகச் செய்த ஊசியிலிருந்து பிறந்த வடிவமைப்பு. 0.3 மி.கி. அளவிலும், சிறுவர்களுக்கு 0.15 மி.கி. அளவிலும் வருகிறது. நீல மூடி பாதுகாப்புப் பூட்டு. ஆரஞ்சு முனையில் ஊசி. நீலம் வானத்துக்கு, ஆரஞ்சு தொடைக்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆரஞ்சு முனை கீழே இருக்கும்படி பேனாவை முஷ்டிக்குள் பிடிக்க வேண்டும். மறு கையால் நீல மூடியை நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொடையின் வெளிப்புறம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், செங்குத்தாக வைத்துக் ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்தி, 3 நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். பழைய கையேடுகளில் 10 நொடி என்று இருக்கும், பிறகு குறைத்துவிட்டார்கள். பேனாவை எடுத்ததும் ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடிக்கொள்ளும். உறை நீளவில்லை என்றால் மருந்து இறங்கவில்லை என்று பொருள். உடையைக் கழற்ற வேண்டியதில்லை. துணிக்கு மேலேயே போடலாம். தடித்த தையல் மடிப்பும், பையில் இருக்கும் சாவியும் செல்பேசியும் மட்டும் குறுக்கே வரக் கூடாது.

இனி குறைகள். உருவம் பேனா போல இருப்பதால் கட்டை விரல் தானாக நுனிக்குப் போகிறது. தலைகீழாகப் பிடித்திருந்தால் ஊசி அந்த விரலில்தான் இறங்கும். அப்போது இரண்டு சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன: நோயாளிக்குப் போக வேண்டிய மருந்து வீணாயிற்று, உதவ வந்தவரின் விரலில் இரத்த ஓட்டம் சுருங்குகிறது. அவரையும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே எந்த முனையிலும் விரல் வைக்காமல் முஷ்டிக்குள் பிடிப்பது இந்தப் பேனாவின் முதல் விதி. இரண்டாவது, நீல மூடியைக் கட்டை விரலால் பக்கவாட்டில் நெம்பிக் கழற்றும் பழக்கம். அப்படி நெம்பினால் தொடையில் வைப்பதற்கு முன்பே ஊசி பாய்ந்துவிடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. சில பேனாக்கள் பாதுகாப்புக் குழாயிலிருந்து எளிதில் வெளிவராமல் சிக்கிக்கொள்வதையும் அதே எச்சரிக்கை குறிப்பிட்டது. புதிதாக வாங்கியவுடன் பேனாவைக் குழாயிலிருந்து ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். நீல மூடியைத் தொடாமல். வழுக்கிக்கொண்டு வராவிட்டால் மாற்றி வாங்குங்கள். இந்தக் குழாய் நீர் புகாதது அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

துள்ளும் குழந்தைக்குப் போடும்போது காலை இறுகப் பிடிக்காவிட்டால் ஊசி வளைந்து தோலைக் கிழித்துவிடும். குழந்தையை மடியில் கிடத்தி, இரண்டு கால்களையும் உங்கள் தொடைகளுக்கு இடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போடுவது நல்லது. போட்ட பிறகு உள்ளே நிறைய மருந்து மிச்சம் தெரியும். பேனாவில் இருப்பது 2 மி.லி., இறங்குவது 0.3 மி.லி. மட்டுமே. அதைப் பார்த்து முழுதாக இறங்கவில்லையோ என்று பதற வேண்டாம். மிச்சத்தை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

ஜெக்ஸ்ட், அனாபென், எமரேட்

ஜெக்ஸ்டில் மஞ்சள் மூடியைக் கழற்றிவிட்டுக் கறுப்பு முனையைத் தொடையில் அழுத்த வேண்டும். பிடிக்க வேண்டியது 10 நொடி. ஊசி பிறகு மறைந்துகொள்ளும். 0.15, 0.3 மி.கி. அளவுகள். கட்டுறுதியான பேனாதான். 10 நொடி மட்டும் குழந்தையிடம் நீண்ட நேரம்.

அனாபென் வேலை செய்யும் விதமே வேறு. கறுப்பு ஊசி உறையைக் கழற்ற வேண்டும், மறுமுனையில் உள்ள சாம்பல் நிறப் பாதுகாப்பு மூடியையும் கழற்ற வேண்டும், தொடையில் வைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், 10 நொடி பிடிக்க வேண்டும். அழுத்தினால் பாயும் பேனாவைப் பழகியவர் இதைத் தொடையில் எவ்வளவு குத்தினாலும் ஒன்றும் நடக்காது. பொத்தான் இருப்பது அவருக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உறையைத் திருப்பிப் போட்டு மூட வேண்டும். இத்தனை படிகள் இருந்தும் இதை ஒதுக்க முடியாததற்குக் காரணம் 0.5 மி.கி. அளவு. 60 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 0.3 மி.கி. கொஞ்சம் குறைவுதான்.

நிறக் குழப்பத்தையும் கவனியுங்கள். ஜெக்ஸ்டில் கறுப்பு என்றால் தொடையில் வைக்க வேண்டிய முனை. அனாபென்னில் கறுப்பு என்றால் முதலில் கழற்ற வேண்டிய உறை. ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருப்பது வம்பை விலைகொடுத்து வாங்குவது. வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, பைக்கு ஒன்று என எத்தனை வாங்கினாலும் ஒரே வகையாக இருக்கட்டும். அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும் அட்ரினாக்ளிக் வகைப் பேனாவுக்கும் இது பொருந்தும்: அதில் இரண்டு மூடிகள்; ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அழுத்துவதுதான் அங்கே வாடிக்கையான பிழை.

எமரேட் 0.5 மி.கி. அளவிலும் நீளமான ஊசியோடும் வந்ததால் நம்பிக்கை தந்தது. அழுத்தியும் பாயாத கோளாறால் 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் பிரிட்டனில் மீண்டும். பழைய கையிருப்பில் யாரிடமாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு வகைக்கு மாறிவிடுவதே சரி.

ஆவி-க்யூ

பேனா வடிவத்தைக் கைவிட்டுத் தட்டையான சிறு பெட்டியாகச் செய்திருக்கிறார்கள். சட்டைப் பையில் அடங்குகிறது. அதனால் வீட்டில் மறந்து வைக்கும் வாய்ப்பு குறைவு. வெளி உறையை உருவியதும் பேசத் தொடங்கி ஒவ்வொரு படியையும் சொல்லும். சிவப்புப் பாதுகாப்பை இழுத்துவிட்டுக் கறுப்பு முனையைத் தொடையில் அழுத்தினால் கிளிக்கோடு ஒரு ‘உஸ்’ சத்தம். 2 நொடி பிடித்தால் போதும், ஊசி தானாக உள்ளே போய்விடும். குரல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மின்கலம் தீர்ந்திருந்தாலும் ஊசி பாயும். இரைச்சலான இடத்திலும், அது பேசும் மொழி புரியாதவரிடமும் குரலால் பயனில்லை. எனவே குரலை நம்பிப் பயிற்சியை விடக் கூடாது.

இதன் உண்மையான பலம் 0.1 மி.கி. அளவு. 7.5 முதல் 15 கிலோ வரையுள்ள குழந்தைக்கென்று, எலும்பில் முட்டாத குட்டை ஊசியோடு 2017-இல் அனுமதி பெற்றது. அதே கருவி 2015-இல் மருந்து சரியான அளவில் இறங்காத புகாரால் மொத்தமாகத் திரும்பப் பெறப்பட்டு, 2017-இல் மறுபடி சந்தைக்கு வந்தது. கைக்குழந்தைக்கு இது கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் வேறு யோசிக்க வேண்டாம்.

நெஃபி: ஊசியில்லாத வழி

மூக்கில் தெளிக்கும் அட்ரினலின். 2 மி.கி. அளவு 30 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 15 முதல் 30 கிலோ வரையுள்ள, 4 வயது நிறைந்த பிள்ளைகளுக்கு 1 மி.கி. அளவு 2025 மார்ச்சில். ஊசியைக் கண்டாலே தள்ளிப்போடும் ஆட்கள் எத்தனையோ பேர். அந்தத் தயக்கத்தை இது ஒழித்துவிடுகிறது. வெப்பத்தையும் பேனாக்களைவிட நன்றாகத் தாங்குகிறது.

ஒரு கருவிக்கு ஒரே தெளிப்பு. வேலை செய்கிறதா என்று காற்றில் ஒரு முறை அழுத்திப் பார்த்தால் தீர்ந்தது கதை. சாதாரண மூக்குத் தெளிப்பான்களில் முதலில் அப்படி அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள் என்பதால் இந்தப் பிழை கைப்பழக்கத்திலேயே வந்துவிடும். முனையை விரல்கள் மூக்கில் முட்டும்வரை உள்ளே நுழைத்து, நடுத்தண்டையோ வெளிச் சுவரையோ நோக்காமல் நேராக வைத்து அழுத்த வேண்டும். பிறகு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இரண்டாம் தெளிப்பு தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து, அதே துளையில்.

எங்கள் தயக்கம் ஒன்றுதான். அனாஃபிலாக்சிஸில் கிடப்பவரை வைத்து ஒப்பீட்டுச் சோதனை நடத்துவது அறமாகாது. எனவே அனுமதிக்கு அடிப்படையானது ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தில் மருந்து ஏறிய அளவும், இதயத்துடிப்பு, இரத்த அழுத்த மாற்றமும்தான். மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கும் மூக்கில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் உறிஞ்சப்படும் அளவு மாறலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பேனாவை விட்டு இதற்கு மாற வேண்டாம்.

பேனா கிடைக்காத இடத்தில்: ஆம்ப்யூலும் சிரிஞ்சும்

மருந்தில் குறை சொல்ல எதுவும் இல்லை, வேகத்திலும் துல்லியத்திலும்தான் அடி வாங்குகிறது. ஆம்ப்யூலை, அதாவது மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை உடைத்து, மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, கோட்டைப் பார்த்து அளவு வைப்பதற்குள் பழகாத கையில் நிமிடங்கள் ஓடிவிடும். அளவும் ஏறக்குறைய இருக்கும். ஆனாலும் வேறு வழியில்லாத இடத்தில் இதுவே உயிர் காக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்து, செவிலியரிடம் நேரில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வேண்டியது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூல், 1 மி.லி. சிரிஞ்சு, 25 மில்லிமீட்டர் நீள ஊசி. அளவு கிலோவுக்கு 0.01 மி.லி.; 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி., பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மி.லி.

இங்கே இரண்டு பொறிகள். 1 மி.லி.யில் 0.1 மி.கி. மட்டுமே உள்ள நீர்த்த அட்ரினலினும் விற்பனைக்கு உண்டு. மாற்றி வாங்கினால் பத்தில் ஒரு பங்கு மருந்துதான் உடலில் சேரும். இன்சுலின் சிரிஞ்சு கைக்கு எளிதாக இருக்கிறதே என்று எடுத்தால் அதன் குட்டை ஊசி தசையைத் தொடாது, தோலுக்கடியிலேயே நின்றுவிடும். அது சின்ன வித்தியாசம் அல்ல: குழந்தைகளிடம் செய்த 1998 ஆய்வில், தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் சராசரியாக 8 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டது, தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்தது.

அளவைத் தேர்ந்தெடுப்பது

பெட்டிகளில் 15 முதல் 30 கிலோவுக்கு 0.15 மி.கி., 30 கிலோவுக்கு மேல் 0.3 மி.கி. என்று இருக்கும். ஒவ்வாமை நிபுணர்கள் பலர் 25 கிலோ தாண்டியதுமே 0.3-க்கு மாற்றிவிடுகிறார்கள். 29 கிலோ பிள்ளைக்கு 0.15 மி.கி. என்பது தேவைப்படுவதில் பாதி. மருந்து குறைந்துபோவதுதான் கவலைக்குரியது. சற்றுக் கூடினால் வரும் படபடப்பும் கை நடுக்கமும் தலைவலியும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் எடையைச் சொல்லி அளவைக் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அட்ரினலின் முழுதாக வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

எப்போதும் இரண்டு பேனா, ஒன்றாக, ஒரே பையில். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இரண்டாம் ஊசி தேவைப்படலாம். முதல் பேனா பாயாமலும் போகலாம்.

போட்ட பிறகு

ஊசி போட்டதும் ஆம்புலன்ஸை அழைத்து ‘அனாஃபிலாக்சிஸ்’ என்ற சொல்லையே சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் கால்களை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ பக்கவாட்டில், கர்ப்பிணி என்றால் இடப்பக்கம். எழுந்து நிற்கவோ, கழிவறைக்கு நடக்கவோ, வாகனம் வரை தானே போகவோ விடக் கூடாது. இரத்தம் கால்களில் தங்கி இதயத்துக்குத் திரும்பாமல், எழுந்த மாத்திரத்தில் இறந்தவர்கள் உண்டு. ‘இப்போது தேவலை’ என்று அவரே சொன்னாலும் படுத்தபடியே இருக்கட்டும்.

5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா. தேறினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். மருந்தின் வேகம் தணிந்ததும் அறிகுறிகள் திரும்பலாம், சிலருக்குப் பல மணி நேரம் கழித்தும். முதல் ஊசி போட்ட நேரத்தைக் குறித்து, பயன்படுத்திய பேனாவையும் மருத்துவக் குழுவிடம் ஒப்படையுங்கள்.

பராமரிப்பு

20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி கூடாது, வெயிலில் நிறுத்திய வண்டி அதைவிடக் கூடாது. மாதம் ஒரு முறை பேனாவில் உள்ள சிறு ஜன்னல் வழியாக மருந்தைப் பாருங்கள்: தெளிவாக, நிறமற்று இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால், துகள் மிதந்தால் காலாவதித் தேதி மிச்சமிருந்தாலும் மாற்ற வேண்டும். உயிர் போகும் நேரத்தில் கையில் இருப்பது காலாவதியான பேனா ஒன்றுதான், மருந்து தெளிவாக இருக்கிறது என்றால் அதைப் போடலாம்; ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மேல். அதற்காகக் காலாவதிப் பேனாவை நம்பிப் பயணம் கிளம்ப முடியாது.

ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிப் பேனாவை எந்த வகை வாங்கினாலும் கேட்டு வாங்குங்கள். சிலவற்றோடு தானாகவே வரும். பாட்டி, அண்ணன், ஆசிரியர், அறைத்தோழர் என்று பக்கத்தில் இருக்கக்கூடிய எல்லோரும் தங்கள் தொடையில் அழுத்தி, நொடிகளை உரக்க எண்ணிப் பழக வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை மறுபடியும். பயிற்சிப் பேனாவை மட்டும் உண்மைப் பேனா இருக்கும் பையில் வைக்காதீர்கள். அதன்மேல் பெரிய எழுத்தில் ‘பயிற்சி’ என்று ஒட்டி, வேறு அறையில் வையுங்கள்.